ஏழாம் எண் வீடு

யாங்கூனின் தாமுவேப் பகுதியில் என்னை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. கல்லூரியில் பட்டம் பெற்றவன். பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். அத்தகைய என்னைக் கைதியின் மகன் என்று எவரோ சொல்ல, பேத்தியின் கல்யாணப் பேச்சு நின்றது. மறுத்துப் பேசுவது என் தகுதிக்கு அழகன்று. ஆகவே, மாப்பிள்ளையின் தந்தை ஊ சோமசுந்தரத்தைச் சாட்சியிடமே அழைத்துச் சென்றேன். பர்மிய வழக்கில் ஊ என்றால் திரு, டோ என்றால் திருமதி.

மாலை நான்கு மணிக்கு வாடகைக் கார் ஏறினோம். சாட்சி இருக்கும் பசுந்தாங்குக்கு எட்டாயிரம் கியாட். மூன்று மைல்கூட இராது. நெரிசலில் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. வீட்டுல பொம்பளைங்க கேக்குறாங்க," என்றார் சோமசுந்தரம்.

"கேட்கட்டும்," என்றேன்.

ஓடைக்கரையை ஒட்டிய கட்டடத்தின் நான்காம் மாடியில் டோ மல்லிகா இருக்கிறார். எங்கள் சிறுவயதில், கடல் நடுவே இருந்த சிறைத் தீவில் அவர் தந்தை காவலர். என் தந்தை மருந்தகக் கம்பவுண்டர். ஊழியர் குடியிருப்பில் ஒன்றாக வளர்ந்தோம். மல்லிகா எங்களுக்குத் தின்னத் தேயிலை ஊறலும் வறுத்த கடலையும் வைத்தார்.

சோமசுந்தரம் தயங்கித் தயங்கிக் கேட்டார். மல்லிகா வாய்விட்டுச் சிரித்தார்.

"கைதியா? இவங்கப்பா ஊசியோட வந்தா கைதிங்கல்லாம் கட்டிலுக்கடியில போயிருவாங்க!"

"அப்ப பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா இவர் நம்பர் சொன்னாராமே?" என்றார் சோமசுந்தரம்.

பதில் சொல்வதற்குள் ஆறு மணியாயிற்று. பக்கத்துப் பௌத்த மடத்தில் இரும்புத் துண்டைத் தட்டினார்கள். தீவில் கேட்ட அதே ஓசை.

"மூணு!" என்றார் மல்லிகா.

"ஏழு!" என்றேன் நான். எழுந்து நின்றும்விட்டேன்.

சோமசுந்தரம் கடலையைக் கீழே போட்டுவிட்டார்.

"பாத்தீங்களா, இதான்," என்றார் மல்லிகா. "தீவுல சாயங்கால மணிக்கு ஊழியர் வீட்டுப் பிள்ளைங்க வாசல்ல நின்னு வீட்டு நம்பரைக் கத்தணும். ஒரு வீட்டுக் குரல் கேக்கலன்னாலும் படகை அவிழ்க்க விடமாட்டாங்க. பிள்ளையப் பிடிச்சு வச்சுக்கிட்டு எந்தக் கைதியும் தப்பிக்கப் படகு கேட்டுறக் கூடாதுல்ல?"

"அப்ப கைதி மாதிரியே உங்களையும் எண்ணியிருக்காங்க!"

"அவங்களுக்கு ரெண்டு வேளை. எங்களுக்கு ஒரு வேளை. அதான் வித்தியாசம்."

சோமசுந்தரம் குலுங்கிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தை மாசம் வச்சுக்கலாமா, சம்பந்தி?" என்றார். ஊறலை அப்போதுதான் சுவைத்தேன், நன்றாக இருந்தது.

திரும்புகையில் மழை. கடலுக்கு நடுவே எவரும் எங்களைத் தொலையவிடவில்லை. இத்தனை பெரிய யாங்கூனில் மணியடித்து எவரும் எண்ணுவதில்லை. இருந்தும் மல்லிகா படியிறங்கி வந்து, கார் நகரும்வரை நின்றார்.

தாமுவேயில் பேசப்படுவது தவறு. ஏழு என்பது கைதி எண் அன்று. கம்பவுண்டர் வீட்டின் எண்.