காஸாவிலிருந்து ஒரு தேநீர்

கவிதை மொழிபெயர்ப்பவருக்குச் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் வந்துவிடும். வாரம் முழுக்க ஐ.டி. வேலை, சனி ஞாயிறு இணைய இதழ் என்று என்னைப் போல மாரடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூடுதல் ரத்தம்

காஸாவில் கூடாரத்தில் வாழும் கவிஞர் மர்யம், அரபியில் எழுதி அவரே ஆங்கிலத்திலும் தருவார். டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் உட்கார்ந்து நான் தமிழாக்குவேன். முதல் கவிதையில் ஒரு பெண் சுள்ளி பொறுக்கி வந்து தேநீர் போடுகிறாள், அவ்வளவுதான். பாலஸ்தீனக் கவிதை இப்படிச் சப்பென்று இருக்கலாமா? மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்தவன், கை சும்மா இருக்குமா? குருதி, தியாகம், விடியல் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். அவர் என் தமிழை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டார். "நான் தேநீர்தான் எழுதினேன். இதில் ரத்தம் எங்கிருந்து வந்தது?"

வெறும் டீ

ரத்தத்தைத் துடைத்துவிட்டு வெளியிட்டோம். காப்பெல் ஊரிலிருந்து எங்கள் இதழின் நெடுநாள் வாசகர் ராமசாமி அங்கிள் போனில் கூப்பிட்டார். "என்னப்பா, எதிர்ப்புக் கவிதைன்னு ஹெட்லைன் போட்டிருக்கீங்க, உள்ள வெறும் டீதான் இருக்கு?"

இதழாசிரியர் தேவகி அக்காவிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே டாக்டர். அவர் சிரிக்கவில்லை. "ஷெல் விழேக்கையும் எங்கட அம்மா அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வச்சவ, தம்பி. இதைவிட என்ன எதிர்ப்பு வேணும்?"

சர்க்கரை

அடுத்த கவிதையைத் தமிழாக்கி மர்யமுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. வாரங்கள் ஓடின. காஸா செய்திகளைத் திறக்கவே பயமாக இருந்தது. ராமசாமி அங்கிளே, "அந்தப் பொண்ணு சேஃபா இருக்காப்பா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். மர்யமின் சம்மதம் இல்லாமல் கவிதையை வெளியிட எங்களுக்கு மனசு வரவில்லை. வெளியிட்டால், அவர் இல்லை என்று நாங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

ஒருநாள் ஃப்ரீவேயில் போகும்போது போனில் மெசேஜ் வந்தது. திரையில் அவர் பெயர். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, காரை நிறுத்திப் படித்தேன். நலம் விசாரிப்பு இல்லை, இத்தனை நாள் எங்கே போனார் என்ற விளக்கமும் இல்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதே விட்டேன். வந்திருந்தது இவ்வளவுதான்: "நாலாவது வரியில் சர்க்கரையை விட்டுவிட்டீர்கள். அது கிடைக்க நான் எவ்வளவு அலைந்தேன் தெரியுமா? போடாமல் வெளியிடாதீர்கள்."

போட்டுவிட்டேன்; திட்டு வாங்க இவ்வளவு ஏங்கிய மொழிபெயர்ப்பாளன் டெக்சாஸில் வேறு எவனும் இருக்க மாட்டான்.