உம்மாவின் காதில் றெஜினா சொன்னது

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டு றிஸ்வானின் உம்மா மௌத்தானார். பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவிக்க முதலே சிலாவத்துறையில் பாதிப்பேர் வந்து வாசலில் நின்றார்கள். நல்லடக்கம் ஒழுங்காக முடிந்தது. பிரச்சினை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

உம்மா கடைசி ஒரு கிழமை மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்தார். துணைக்கு நின்றவள் றிஸ்வானின் தங்கச்சி. அடிக்கடி உம்மாவின் காதருகே குனிந்து கலிமா சொல்லிக் கொடுப்பாள். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே, முஹம்மது நபி அவனுடைய தூதர் – இவ்வளவுதான் அது. ஆனால் ஒரு முஸ்லிம் இந்த உலகத்தில் கடைசியாகச் சொல்ல ஆசைப்படும் வார்த்தைகள் அவைதான்.

பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து ஒரு பெண் படுத்திருந்தார். அவருக்குத் துணையாக நின்றவர் அவருடைய அக்கா றெஜினா. பள்ளிமுனைக்காரர், கத்தோலிக்கர்.

அன்று காலை தங்கச்சி தேத்தண்ணி வாங்கக் கன்ரீனுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து உம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. றெஜினா கூப்பிட்ட சத்தத்துக்கு வந்த நர்ஸ், டொக்டரை அழைத்துவர ஓடினார். உம்மாவின் கண்கள் மகளைத் தேடின. உதடுகள் அசைந்தன... வார்த்தை வரவில்லை.

றெஜினா என்ன செய்தார் தெரியுமா? கட்டிலில் உட்கார்ந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கிழமை முழுக்கக் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்திருந்த கலிமாவை அவர் காதில் சொன்னார். மெதுவாக, துண்டு துண்டாக. உம்மா அதைப் பிடித்துக்கொண்டு கூடவே சொன்னார். தங்கச்சி தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது இரண்டு குரல்களும் கேட்டிருக்கின்றன. பிறகு ஒரு குரல்தான் கேட்டது.

மூன்றாம் நாள், வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது அவள் இதைச் சொல்லி அழுதாள். கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த அவளுடைய புருஷன் சொன்னார்: “நல்ல மனுஷிதான். ஆனா மனசில நம்பிக்கை, ஈமான் இல்லாம வாயால சொல்லி அவவுக்கு என்ன பிரயோசனம்? மறுமையில ஒண்டும் கிடைக்காது.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். றிஸ்வானின் முகம் மாறிவிட்டது. மூலையில் இருந்த மௌலவியிடம் திரும்பினான்.

“மௌலவி, என்ட உம்மா கலிமாவோட போயிற்றா, சொர்க்கம்தான் எண்டு எல்லாரும் சொல்லுறீங்க. சொல்லிக் கொடுத்தவவுக்கு நரகமோ? அப்பிடியெண்டா எனக்கு இனித் தொழ மனசு வராது.”

உம்மாவை அடக்கி மூன்று நாள்தான் ஆகிறது, மகன் பேசுகிற பேச்சா இது? மௌலவிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“றிஸ்வான், ஈமான் வேணும் எண்டு நாங்கள் படிச்சதை உங்களுக்காக நான் மறைக்கேலாது. ஆனா, அல்லாஹ் அணுவளவும் அநியாயம் செய்யமாட்டான் எண்டும் படிச்சிருக்கிறம். அவன்ட கோபத்தை அவன்ட ரஹ்மத், அவன்ட இரக்கம் முந்திவிட்டது எண்டும் படிச்சிருக்கிறம். இஸ்லாத்தின்ட செய்தி போய்ச் சேராத ஆளை அவன் தண்டிக்கிறதில்ல.”

றிஸ்வானின் மச்சான் விடவில்லை. “மன்னாரில இருக்கிறவவுக்குச் செய்தி சேரேல்லையோ? அஞ்சு நேரமும் தொழுகைக்குப் பாங்கு கேக்குதே.”

“பாங்கு கேட்டிருப்பா. எங்களையும் பார்த்திருப்பா. எங்களைப் பார்த்து அவவுக்கு என்ன செய்தி விளங்கியிருக்கும் எண்டு நினைக்கிறீங்க?”

மச்சான் தரையைப் பார்த்தார். நானும்தான்.

“அவவின்ட மனசில என்ன இருக்கு எண்டு எனக்குத் தெரியாது” என்றார் மௌலவி. “தெரிஞ்சவன் உங்களை விட இரக்கக்காரன். அதை நம்பித் தொழுங்கோ.”

“அவவுக்காக துஆ கேக்கலாமோ?” என்றான் றிஸ்வான்.

“அவ உயிரோட இருக்கிறா. நேர்வழிக்கும் கேளுங்கோ, நல்ல சுகத்துக்கும் கேளுங்கோ. போய் நன்றியும் சொல்லுங்கோ. அதுக்கு ஃபத்வா தேவையில்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை றிஸ்வானின் பைக்கில் நானும் பள்ளிமுனைக்குப் போனேன். றெஜினா அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தார். எங்களைக் கதிரையில் இருத்தி, சோடா உடைத்துத் தந்தார். றிஸ்வான் நன்றி சொல்ல வாயெடுத்தான். அவர் விடவில்லை.

“தம்பி, நானே உங்களைத் தேடி வரோணும் எண்டு இருந்தனான். எனக்கு அந்த அரபு எழுத்தெல்லாம் சரியா வராது. நான் பிழையாச் சொன்னதால உங்கட உம்மாவுக்கு அங்க ஏதும் தடங்கல் வந்திருக்குமோ?”

அத்தனை நாளாக அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார். றிஸ்வான் இல்லை என்று தலையை ஆட்டினான்.

“ஃபாதரிட்டயும் பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான்” என்றார் றெஜினா. “வேற சமயத்துச் செபம் சொல்லிப்போட்டன், பாவமோ எண்டு. ‘அந்த அம்மா பயமில்லாமப் போனவவோ?’ எண்டு கேட்டார். ஓம் எண்டன். ‘அப்ப எழும்பிப் போ பிள்ளை’ எண்டார்.”

அதைக் கேட்டதும் றிஸ்வான் உடைந்துபோனான். உம்மா மௌத்தான பிறகு அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன். “அக்கா, எங்கட உம்மா தனியப் போகேல்ல. அது போதும்” என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வரும் வழியில் ளுஹர் தொழுகைக்கு நேரமானது. அவனாகவே ஒரு பள்ளிவாசலில் பைக்கை நிறுத்தி, கை கால் கழுவி உளூச் செய்து, தொழுதான். துஆ கேட்க வழமையை விட நேரம் எடுத்தது.

மச்சான் இன்னும் தன் கருத்தை மாற்றவில்லை. மாற்றத்தான் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அது அவருடைய நம்பிக்கை. ஆனால் ஒன்று... யாருக்கு என்ன கிடைக்கும் என்று நாங்கள் ஒரு வீடு நிறைய இருந்து வாதாடினோம். றெஜினா தனக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுமை நாளுக்கு நீதிபதி ஏற்கெனவே இருக்கிறான். அந்தப் பதவிக்கு வெற்றிடம் இல்லை!