டிரம் அடுப்பும் எலுமிச்சம்பழம் கேட்ட நாயும்

வெட்டவெளியில் கோழி சுடுவது என்பது மேலே வானத்திடமும், கீழே நெருப்பிடமும், எதிரே வாடிக்கையாளரிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கும் தொழில். ரோட்டோரம் தோசை ஊற்றுகிறவர்களே, பஜ்ஜி போடுகிறவர்களே, கூரையில்லாத என் சொந்தங்களே, உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

நான் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரனாக இருந்தவன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மீனும் கோழியும் கரி நெருப்பில் சுட்டுக் கொடுத்துக் கை பழகியது. அந்த இடத்தை ஒருநாள் மூடிவிட்டார்கள். திண்டிவனத்துக்கே திரும்பி வந்து, விழுப்புரம் போகும் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் கடை போட்டேன். கடை என்றால் நீளவாக்கில் பிளந்த ஒரு தகர டிரம், அதற்கு நாலு இரும்புக் கால், மேலே கம்பி வலை. அவ்வளவுதான். மசாலா மட்டும் என் மனைவி விமலாவுடையது. அதன் ரகசியத்தை எனக்கே இன்னும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் கடை திறந்தேன். என் மாமனார் சவரிமுத்து வந்து டிரம்மைச் சுற்றிப் பார்த்தார். மரியாதை ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் அவமானப்படுத்தத் தெரிந்த மனிதர் அவர். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். அங்கேயே தங்க வேண்டும். நான் அங்கே, விமலாவும் எங்கள் பாப்பாவும் இங்கே. "கூரை இல்லாதது ஒரு கடைங்களா மாப்ள? அடுத்த ஈஸ்டர் வரைக்கும் ஒரு நாள் வுடாம இந்த அடுப்பு எரிஞ்சா நான் வாயே தொறக்க மாட்டேங்க. ஒரு நாள் எரியலைன்னாலும் பொட்டியக் கட்டிக்கினு மெட்ராஸுக்குப் போயிடணும், சரிங்களா?" என்றார். ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். விமலா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மொபெட்டில் வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள் மாமா என்றால், புகை ஒத்துக்காது என்பார்.

மூட்டைக் கறி

கரிக்கும் கறிக்கும் எழுத்தில்தான் வித்தியாசம். எங்கள் பக்கத்து வாயில் இரண்டும் ஒன்றுதான். சின்ன ர, பெரிய ற என்று வாத்தியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்தார், நாக்கு கேட்கவில்லை. இது பரீட்சையோடு போய்விடும் என்று நினைத்தேன். என் போனில் அடுப்புக் கரி விற்கும் பாயும் ஆட்டுக்கறி விற்கும் பாயும் மேலும் கீழுமாக இருந்தார்கள். கடை திறந்த வாரமே அவசரத்தில் வாய்ஸ் மெசேஜ் தப்பானவருக்குப் போனது. "பாய், ஒரு மூட்டை கரி போடுங்க. ஜல்தி, அடுப்பு அணைஞ்சிடும்."

கறிக்கடை பாய் நிதானமானவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எதற்கும் ஒருதரம் நேரில் கேட்டுவிடலாம் என்று வண்டியில் வந்தார். அதனால் அன்றைக்கு இரண்டு ஆடுகள் பிழைத்தன. டிரம்மைப் பார்த்தார், அணையப்போகும் நெருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூட்டைக் கணக்குல கறி கேட்ட மொத ஆளு நீதாம்ப்பா. நான் கட்சி மாநாடுன்னு நெனச்சுக்கினேன்."

கத்திரி

கத்திரி வெயிலில் அடுப்படியில் நிற்பவனுக்கு நரகத்தைப் பற்றிக் கோயிலில் தனியாகப் பிரசங்கம் வைக்க வேண்டியதில்லை. தலையில் ஈரத்துண்டைப் போட்டால், கோழியைத் திருப்பிப் போடுவதற்குள் அது காய்ந்துவிடும். அந்த மாதம் அதே புளியமரத்தடியில் அஞ்சலை அக்கா நுங்குக் கடை போட்டார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருவார். வருகிறவர்கள் எல்லாம் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சூடு தாங்காமல், இடத்தை மாற்றிக்கொண்டு போய்விடலாமா என்று வாய்விட்டுப் புலம்பினேன். அக்கா பதறிப்போய் எழுந்து வந்தார். "எங்கியும் போயிடாத தம்பி! உன் பொகையில ஒரு நிமிஷம் நின்னவன்தான் எங்கிட்ட வந்து ஆளுக்கு ரெண்டு நுங்கு சேத்துத் துன்றான்."

புரட்டாசி

ஆடியை எப்படியோ தாண்டினேன். புரட்டாசி பிறந்ததும் ரோட்டில் நாய்கூட என் பக்கம் திரும்பவில்லை. கோழியை நிறுத்திவிட்டு, புதுக் கம்பி வலை வாங்கி, காளானும் பன்னீரும் மக்காச்சோளமும் சுட ஆரம்பித்தேன். போர்டு எழுதுகிறவரிடம் "புரட்டாசி ஸ்பெஷல், கரியில் சுட்ட காளான்" என்று வாயால் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் அழகான எழுத்தில், ரோஜாப்பூவெல்லாம் வரைந்து, "கறியில் சுட்ட காளான்" என்று எழுதி மாட்டிவிட்டுப் போனார்.

மண்டகப்பட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயி ஏழுமலை என் பழைய வாடிக்கை. நெற்றியில் நாமத்தோடு வந்தவர் போர்டைப் படித்துவிட்டு, வண்டியிலிருந்து இறங்காமலே திட்டினார். நான் ர, ற பாடம் நடத்தி, புது வலையைக் காட்டி, நேற்றுவரை இருந்த பழைய வலையை வீட்டில் வைத்துவிட்டதாக விமலா மேல் சத்தியம் செய்தேன். அரை மனதோடு ஒரு தட்டு வாங்கினார். ஒரு காளானை வாயில் போட்டவர் அப்படியே நின்றார். வலைதான் புதுசு, டிரம் பழசு. அது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஏழுமலை கண்ணை மூடி, வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "பெருமாளே, நான் துன்றது காளான்தான். வாசனைக்கு நான் பொறுப்பில்ல."

மழை

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குடை எனக்கல்ல, அடுப்புக்கு. விமலா தார்ப்பாயின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கரி நனைந்துவிட்டது. மல்லாட்டைத் தோலைப் போட்டு ஊதி ஊதி எரிய வைத்தோம். ஒரு வாடிக்கையாளர் இல்லை. எதிர்ப்பக்கம் மழைக்கோட்டுக்குள் என் மாமனார் மட்டும் ஆஜர். புகை தெரிந்ததும் ஏமாற்றத்தோடு வண்டியைக் கிளப்பினார்.

கரண்ட் கம்பி அறுந்து விழுந்ததைச் சரிபண்ண வந்த லைன்மேன் ஒருவர் நெருப்பைக் கண்டதும் ஓடி வந்தார். வாடிக்கை வந்தது என்று நான் கோழியைத் தூக்கி வலையில் வைத்தேன். அவர் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸைப் பிழிந்து, கோழிக்குப் பக்கத்தில் போட்டார். ஊருக்கு வெளிச்சம் கொடுக்க வந்தவர், எப்படி வேண்டாம் என்பது? நான் கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அப்பிடியே அந்த சாக்ஸையும் கொஞ்சம் திருப்பிப் போடுங்க, ஒரு பக்கம் கருகுது."

கேமரா

டிசம்பர் கடைசியில் விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகிற கார்கள் நிற்கும். ஒரு கார் நின்றது. கையில் கேமராக் குச்சியோடு ஒரு வாலிபர் இறங்கினார். சாப்பாட்டு வீடியோ போடுகிறவராம், எனக்குத் தெரிந்த கோழியை எனக்கே அறிமுகப்படுத்தினார். புகை நன்றாகத் தெரிய வேண்டும், அடுப்புக்கு நேராக நிற்கிறேன், விசிறுங்கள் என்றார். நான் விசிறினேன். காற்றும் அந்த நேரம் பார்த்துத் திரும்பியது. கண்ணும் மூக்கும் ஒழுக, பேச்சு வராமல் இருமிக்கொண்டே அவர் கேமராவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். விமலா தண்ணீர் கொடுத்தாள். "கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு டேஸ்ட்டுன்னு போட்டுக்கங்க தம்பி."

நாய்

பிறகு தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். இந்துக்கள் திரும்பி வந்தார்கள், என் சொந்த ஜனங்கள் காணாமல் போனார்கள். பூசைக்குப் போனால், கோழி சுடுகிறவன் வந்துவிட்டான் என்பதுபோல் பார்ப்பார்கள். மாமனார் வீட்டில் நாற்பது நாளும் புலால் கிடையாது. அவர் அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் கோயில்பிள்ளை அந்தோணி வர ஆரம்பித்தார். மணியடிப்பது, பீடத்தைத் துடைப்பது எல்லாம் அவர்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கறுப்புக் கவரில் ஒரு பார்சல் கேட்பார். "எனக்கில்ல, நாய்க்கு" என்பார். அந்தோணியிடம் நாய் கிடையாது என்பது எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு ஜனங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் தொழில் தர்மத்தோடு எலும்பும் கழுத்துமாகப் பொறுக்கிப் போட்டேன். மறுநாளே அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார். "நாய் கோச்சுக்குதுங்க. அதுக்கு லெக் பீஸுதான் வேணுமாம். எலுமிச்சம்பழம் ரெண்டு துண்டு சேத்து வைங்க, இல்லன்னா மூஞ்சியத் திருப்பிக்குது."

பெரிய வெள்ளி

ஈஸ்டர் வரைக்கும் என்று மாமனார் ஏன் கெடு வைத்தார் என்பது பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்தான் எனக்கு உறைத்தது. ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நாளில் எந்தக் கிறிஸ்தவன் கோழி சுடுவான்? கத்திரியில் வெந்தவன், மழையில் ஊதியவன், கடைசியில் காலண்டரிடம் தோற்றேன். காளானாவது சுடலாமா என்று விமலாவைக் கேட்டேன். அவள் பார்த்த பார்வையிலேயே பாதி வெந்துவிட்டேன். பந்தயத்துக்காக அந்த நாளில் கடை போட எனக்கும் மனசு வரவில்லை. காலையில் பெட்டியை எடுத்துச் சட்டைகளை அடுக்கினேன். பாப்பாவின் சட்டை ஒன்று அதில் கலந்திருந்தது. அதை எடுத்து வைக்கும்போது அழுதுவிட்டேன். விமலாவும் அழுதாள்.

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. வெற்றியைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டாரே என்று நினைத்தேன். மனிதர் வேர்த்துக் கொட்டி நின்றார். சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கு முழுக்கக் கோயில் வளாகத்தில் கஞ்சி குடிக்கும். கஞ்சிப் பொறுப்பு அவருடையது. "வாடகைக்கு எடுத்த கேஸ் அடுப்பு சீறிக்கினே கீது, எரிய மாட்டேங்குது. கடைக்காரன் விழுப்புரத்துல ஏதோ கல்யாணத்துல கீறான், போன எடுக்கல. சனமெல்லாம் பட்டினியா வெயில்ல நடந்துக்கினு கீது. மாப்ள, உங்க டிரம்மு வேணுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எடுத்துக்கினு போலாம்ப்பா. ஆனா பத்த வைக்கிறது நீங்கதான்." அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை. கோயில் வளாகத்தில் டிரம்மை நிறுத்தி, கரியைக் கொட்டினேன். புகை ஒத்துக்கொள்ளாத மாமனார் குனிந்து பற்றவைத்தார். மேலே அண்டா ஏறியது, நொய்யும் பயறும் கொதித்தன.

வலையை விமலா தேய்த்துக் கழுவியிருந்தாள். டிரம்மின் உடம்பில் ஒரு வருடத்துக் கோழிக் கொழுப்பு ஊறியிருந்ததை யாரும் நினைக்கவில்லை. சூடு ஏற ஏற அது பேச ஆரம்பித்தது. சிலுவைப்பாதை முடித்து வந்த கூட்டம் ஒரு வாய் குடித்ததும் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தது. பிறகு எல்லாரும் இரண்டாவது டம்ளருக்கு வரிசையில் நின்றார்கள். "என்ன சவரிமுத்து ஐயா, கஞ்சியில ஏதோ வாசனை வருதே?" என்றார் ஃபாதர். "வெந்தயம் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சுங்க ஃபாதர்" என்று பெரிய வெள்ளியும் அதுவுமாகக் கூசாமல் பொய் சொன்னார் என் மாமனார். ஃபாதர் டம்ளரை மறுபடி நீட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மாமனார் என்னை டிரம்முக்குப் பின்னால் கூப்பிட்டார். தப்பு செய்த மாணவனைப்போல் கைகட்டி நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுப்பு எரிஞ்சிடுச்சுங்க மாப்ள, நானே பத்த வச்சிட்டேன். மெட்ராஸுக்குப் போன் பண்ணி வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன். ஈஸ்டருக்கு ஒரு லெக் பீஸு எடுத்து வைங்க, இனிமே நானே வர்றேன். அந்த அந்தோணிய நம்ப முடியல, நாய்க்குன்னு வாங்கிக்கினு வர்றதுல பாதிய வழியிலயே துன்னுடறான்."

ஆக, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கோழி சாப்பிடக்கூடாத நாட்கள் நிறைய உண்டு, கோழி வாசனை பிடிக்காத மூக்கு மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை.