காரணம் என்ற கட்டம்

பெர்மெத்தின் முதுகு வளைந்திருக்கிறது என்று முதன்முதலில் சொன்னது மனிதர் யாருமில்லை. அல்மாத்தியிலிருந்து லாரியில் வந்திறங்கிய ஓர் இயந்திரம். ஆள் ஏறி நிற்க ஒரு தட்டு, எதிரே முக்காலியில் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு திரை. தட்டில் நிற்பவரின் காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஐந்தையும் அது ஒரு கோட்டால் இணைக்கும். கோடு நேராக விழுந்தால் பச்சை. விலகினால் சிவப்பு. பிறகு ஒரு தாளை வெளியே தள்ளும்.

பிஷ்கெக்கின் எட்டாம் குடியிருப்பில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் இருந்தது அந்த ஜிம். மேலே நெட்டிலிங்க மரங்கள், கீழே ரப்பர் விரிப்பின் வாசனை. அதன் முதலாளி மெலிஸ், பெர்மெத்தின் கணவன் உலானுக்கு அண்ணன். இருபது வருடம் டயர் விற்றுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். புதுப் பொருள் எது வந்தாலும் பொட்டலத்தைத் தானே பிரிக்க வேண்டும் அவருக்கு.

"முதல்ல நீ ஏறு" என்றார் பெர்மெத்தைப் பார்த்து. "நம்ம வீட்டு ஆளையே காட்டினாத்தான் மத்தவங்க நம்புவாங்க."

பெர்மெத் ஏறினாள். முப்பத்தொன்பது வயது. தலாஸ் மலைச்சரிவில் பிறந்து, உடற்கல்விக் கல்லூரியின் வாலிபால் அணியில் வலைக்கு மேல் பந்தை அறைந்தே பெயர் வாங்கியவள். எதிரணிப் பெண்கள் அவளுக்கு 'ஏணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபத்திரண்டில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பத்து வருடம் சமையலறை. மெலிஸ் ஜிம் திறந்தபோது பட்டயம் வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால் அவளைக் கூப்பிட்டார். அந்தப் பட்டயம் இப்போது ஜிம்மின் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. உரிமம் அதை நம்பித்தான் நிற்கிறது.

மெலிஸ் கேமராவுக்குப் பின்னால் குனிந்து பொத்தானை அழுத்தினார். திரையில் பெர்மெத்தின் பக்கவாட்டு உருவம் வந்தது. அதன் மேல் கோடு சிவப்பாக நெளிந்தது. தலை ஐந்து சென்டிமீட்டர் முன்னே. தோள்கள் உட்சுருண்டவை. மேல்முதுகு வளைவு மிகை.

"டிரெய்னருக்கே ஒரு டிரெய்னர் வேணும் போல" என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். பெர்மெத்தும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் அந்த உருவம் திரையிலேயே நின்றது. பேருந்துக்குக் காத்திருக்கும் யாரோ ஒருத்தியைப் போல இருந்தது.

வீட்டுக்குப் போனதும் தாழ்வாரச் சுவரில் முதுகை ஒட்டி நின்று பார்த்தாள். அவள் எல்லோருக்கும் செய்யும் சோதனைதான். குதிகால் தொட்டது, புட்டம் தொட்டது, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் தொட்டன, பின்மண்டை தொட்டது. கீழ்முதுகில் ஒரு உள்ளங்கை நுழையும் இடைவெளி, அவ்வளவுதான். உலானைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"அளவுகோல் மாதிரி நிக்கற. என்னாச்சு?"

"வளைஞ்சிருக்கேனாம்."

"யார் சொன்னது?"

"பெரிய பைகே வாங்கின மெஷினு." பெரிய அண்ணன் என்று பொருள்; மெலிஸை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

உலான் மினிபஸ் ஓட்டுகிறவன். வண்டியில் கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை எதையும் கழற்ற மாட்டான். அன்றும் அவள் முதுகை இன்னொரு தரம் பக்கவாட்டில் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு பெண்கள் தட்டில் ஏறினார்கள். ஒவ்வொருவரையும் மெலிஸ்தான் படம் எடுத்தார், இயந்திரத்தை வேறு யாரையும் தொட விடவில்லை. நாற்பது தாள் சிவப்பு. அவர் வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தார்: 'நம் குடியிருப்புப் பெண்களின் மறைந்திருக்கும் நோய்: கூன்.' அதன் கீழே இருபத்துநான்கு வகுப்புத் தொகுப்பின் விலை.

பச்சையாக வந்த ஒரே தாள் லூதாவுடையது. லூதா வாசலில் உட்கார்ந்து அலமாரிச் சாவி கொடுக்கும் ரஷ்யப் பெண். பொழுதுபோகாமல் ஒருநாள் அவளையும் ஏற்றியிருந்தார் மெலிஸ்.

"அம்பத்தாறு வயசு. மூணு புருஷன். இருபது வருஷம் ஆலையில தையல் மெஷின் மேல கவுந்து கெடந்தேன்" என்று லூதா தாளை ஆட்டிக் காட்டினாள். "பச்சையாம். உன் மெஷினு தண்ணி போட்டிருக்கு, மெலிஸ்."

அந்த இடத்தில்தான் பெர்மெத்துக்குப் பொறி தட்டியது. லூதா தட்டில் நின்றபோது மெலிஸை நேராகப் பார்த்து, "சீக்கிரம் அமுக்குய்யா, கால் வலிக்குது" என்று அதட்டியிருந்தாள். மற்ற நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். இந்தக் குடியிருப்பில் பாதிக்கு மேல் தலாஸ் வீடுகளில் வாழ்க்கைப்பட்டவர்கள். அவர்களுடைய கல்யாணங்களில் விருந்து நடத்திக்கொடுத்தவர் மெலிஸ். மூத்த ஆண் ஒருவர் எதிரே வந்தால் கைகளை மார்பில் சேர்த்துக் குனிந்து வணங்கி வளர்ந்த உடம்புகள். வணக்கம் சொல்லாத இடத்திலும் தோள் தானாக உள்ளே போகும், முகவாய் தானாக இறங்கும். அதுவும் இறுக்கமான ஜிம் உடையில், கேமராவோடு நிற்கும் ஒரு பெரியவர் முன்னால் எவள் மார்பை நிமிர்த்துவாள்?

இயந்திரம் பொய் சொல்லவில்லை. எதிரே நின்றவரை அது கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை அவள் மனதோடு வைத்திருந்திருக்கலாம். சோல்பன் அழாமல் இருந்திருந்தால் வைத்துக்கூட இருந்திருப்பாள். சோல்பனுக்கு இருபத்துநான்கு வயது, கல்யாணமாகி ஒரு வருடம், கேக் கடையில் வேலை. உடைமாற்றும் அறையில் காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"அத்தைக்கு விஷயம் போயிடுச்சு, எஜே" என்றாள், அக்கா முறை வைத்து. "பக்கத்து வீட்டுக்காரி சொல்லிட்டா. கோணல் பொண்ணைப் பூசி மெழுகிக் கட்டி வெச்சிட்டாங்கன்னு எங்கம்மாவுக்கு போன் போட்டுச் சண்டை. கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டாந்து காட்டுன்னு நிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை குடுப்பீங்களாமே?"

கையெழுத்து. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'பட்டயப் பயிற்சியாளர்' என்று ஒரு கோடு உண்டு. அங்கே பெர்மெத் கையெழுத்துப் போட்டால்தான் அது அறிக்கை, இல்லாவிட்டால் வெறும் காகிதம். நாற்பது தாளும் அவள் மேசையில் வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக் கிடந்தன.

புதன்கிழமை மெலிஸ் மொத்தச் சந்தைக்குப் போனார். பெர்மெத் சோல்பனைத் தட்டில் ஏற்றினாள். லூதாவைப் பொத்தானருகே நிறுத்தினாள்.

"நான் ஒடச்சிட்டா?" என்றாள் லூதா.

"நாலாவது புருஷன் காசு கட்டுவான். அமுக்கு."

பச்சை. காதிலிருந்து கணுக்கால் வரை ஒரே கோடு. கைகளை மேலே தூக்கியபடி குந்தச் சொன்னாள். குதிகால் எழும்பாமல் சோல்பன் அடிவரை இறங்கி ஏறினாள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். பெர்மெத் நாற்பதுவரை எண்ணிவிட்டு, "போதும், கொக்கு மாதிரி கூடு கட்டிடுவ" என்றாள். சோல்பன் சிரித்துக்கொண்டே காலை இறக்கியபோது, படிக்கட்டில் மெலிஸின் இருமல் கேட்டது.

லூதாவின் விரல் பொத்தானில் அழுந்தியபடியே இருக்க, மூன்று பேரும் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை. கோடு கழுத்தில் முறிந்தது, பிறகு தோளில். கதவு திறந்தபோது முழுக்கச் சிவப்பு.

மெலிஸும் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். தொப்பியைக் கழற்றி, உள்பக்கம் எதையோ தேடுவதுபோலப் பார்த்து, மறுபடி வைத்துக்கொண்டார்.

"நான் இல்லாதப்ப எதுக்குத் தொட்டீங்க?"

"நீங்க இல்லாதப்ப எப்படியிருக்குன்னு பாக்கத்தான், பைகே" என்றாள் பெர்மெத். "இவளுக்கு முதுகுல ஒண்ணுமில்ல. உங்களைக் கண்டா குனியறா. நாற்பது பேரும் அப்படித்தான். நானும் அப்படித்தான்."

"மரியாதை தெரிஞ்ச பொண்ணுங்க. அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. மரியாதைன்னா மரியாதைன்னு எழுதுங்க. நோய்னு ஏன் எழுதறீங்க?"

"அதுக்கெல்லாம் அதுல கட்டம் இல்ல" என்றார் மெலிஸ். பிறகு குரலைத் தணித்தார். "இங்க பாரு. குனிஞ்சோ நிமிந்தோ, நாலு தடவ கூட வந்து உடம்பை அசைச்சா அவங்களுக்கு நல்லதுதானே? யாரு கெட்டுப்போனா?"

"இவளோட அம்மாகிட்ட கேளுங்க."

சோல்பன் தட்டிலிருந்து இறங்காமல் நின்றாள். மெலிஸ் அவளைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பது தாளையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வை. முடியாதுன்னா சொல்லு, பட்டயம் வெச்சிருக்கற வேற பொண்ணு கிடைக்காமப் போகமாட்டா. வீட்டு ஆளுன்னு பாத்தேன்."

வீட்டு ஆள் என்ற சொல்லை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதுதான் பெர்மெத்துக்கு அதிகம் உறுத்தியது. மிரட்டியிருந்தால் எளிதாகக் கோபப்பட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் யாரும் இல்லாத நேரத்தில் தாள்களை முன்னால் பரப்பினாள். இயந்திரம் அச்சிட்ட வரிகளுக்குக் கீழே பயிற்சியாளர் கையால் நிரப்ப இரண்டு கட்டங்கள் விட்டிருந்தார்கள். காரணம். பரிந்துரை. வழக்கமாக என்ன எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்: அதிக நேரம் அமர்தல், கைப்பேசி, தசை பலவீனம். சோல்பனின் தாள் மேலே இருந்தது. 'காரணம்' கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

கணவன் வீட்டு மூத்தவர்கள் பெயரை மருமகள் வாய் திறந்து சொல்வதில்லை. பதினேழு வருடமாக மெலிஸ் அவளுக்குப் 'பெரிய பைகே'தான். மகளின் வகுப்பில் அதே பெயரில் ஒரு பையன் இருந்தான். அவனைக்கூட 'அந்தக் கண்ணாடிக்காரப் பையன்' என்றுதான் சொல்வாள். மகள் கேலி செய்வாள். அந்தப் பெயரை எழுதியும் பார்த்ததில்லை. எழுதுவது சொல்வதில் சேருமா என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

எழுதினாள்: 'மெலிஸ். அவர் அறையில் இருந்தார்.'

அந்தப் பெயர் ஐந்தே எழுத்து அவர்கள் மொழியில். மை காயும்வரை பார்த்தாள். ஒன்றும் இடியவில்லை. மேலே எங்கோ யாரோ கம்பளம் அடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. பரிந்துரைக் கட்டத்தில், 'அவர் வெளியே இருக்கும்போது மறுபடி அளக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த தாளை எடுத்தாள்.

சாயங்காலம் சாவியோடு தாளையும் சேர்த்து நீட்டினாள் லூதா. சோல்பன் படிக்கட்டிலேயே நின்று படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். பிறகு மடிக்காமல், எல்லோரும் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை பெர்மெத் இறங்கி வந்தபோது மெலிஸ் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தூங்காத முகம்.

"அந்தச் சோல்பனோட மாமியார் நேத்து எங்க வீட்டுக்கு போன் போட்டுது. என் பேரைச் சத்தமாப் படிச்சுதாம். படிச்சிட்டு ஒரே சிரிப்பாம். அந்தப் பொண்ணோட அம்மாவுக்கும் போன் போட்டு, தெரியாமப் பேசிட்டேன்னு சொல்லிடுச்சாம்" என்றார். "என் பொண்டாட்டி என்னைப் பாத்துச் சிரிக்கறா. நீ என் பேரை எழுதியிருக்க."

"ஆமா, பைகே."

"வாயால சொல்லாத பேரை."

"வாயால இன்னும் சொல்லல."

அவர் எழுந்தார். அவள் கழுத்தில் பழைய இழுப்பு வந்தது. முகவாய் கீழே போகப் பார்த்தது. பெர்மெத் அதை விடவில்லை. அவரை விட அவள் அரைச் சாண் உயரம் என்பது பதினேழு வருடத்தில் அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது.

"சரி, போனது போகட்டும். அந்த ஒரு தாளை மட்டும் வாங்கி மாத்திக் குடுத்துடு. இதோட முடிச்சுக்குவோம்."

"ஒண்ணு இல்ல, பைகே. நாற்பதுலயும் அதையேதான் எழுதியிருக்கேன். எல்லாம் நேத்தே வீட்டுக்குப் போயிடுச்சு. என் தாளை மட்டும் நான் வெச்சிருக்கேன். வேணும்னா பாருங்க. பட்டயத்தையும் கழட்டணும்னா சொல்லுங்க, ஆணி உசரத்துல இருக்கு, நானே எடுத்துக்கறேன்."

மெலிஸ் சுவரைப் பார்த்தார். பட்டயத்தை, அதன் கீழே தொங்கிய உரிமத்தை, வெகுநேரம் பார்த்தார். படியில் எட்டு மணி வகுப்புப் பெண்கள் பேசிக்கொண்டே இறங்கும் சத்தம் கேட்டது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக மேலே ஏறிப் போனார். பலகையை அன்றே எடுத்துவிட்டார். இயந்திரத்தின் பொத்தானை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

ஆனால் பெர்மெத்தோடு பேசவும் இல்லை. வசந்த விருந்துக்கு எல்லோரும் அவர் வீட்டில் கூடினார்கள். பெர்மெத் கதவருகே தேநீர்ப் பாத்திரத்தோடு உட்கார்ந்து கோப்பைகளை நிரப்பி நிரப்பிக் கை மாற்றினாள். அவள் ஊற்றியது வந்தபோது மெலிஸ் கோப்பையை விரிப்பில் வைத்து, ஆற விட்டார். இரண்டாவதையும். பார்த்தவர்கள் பார்க்காததுபோலப் பொரித்த போர்சோக் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். உலான் அண்ணனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆறிய இரண்டு கோப்பையையும் எடுத்துத் தானே குடித்தான்.

மெலிஸின் மனைவி பெர்மெத்தின் காதருகே குனிந்தாள். "மூணு மணி நேரமா இப்படி வெறைச்சு ஒக்காந்திருக்கியே, முதுகு வலிக்கலையா?"

"வலிக்குது, எஜே" என்றாள் பெர்மெத். மூன்றாவது கோப்பையை நிரப்பி மெலிஸ் பக்கம் அனுப்பினாள்.