டாக்டர் கேட்ட கேள்வியும் நான் விட்ட புளுகும்

ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு வாழைக்குலை ஏற்றிப்போகும் டெம்போக்காரன் நான். எட்டு மாதமாக டெம்போவை நான் ஓட்டினேன். என்னை வயிறு ஓட்டியது. வழியிலுள்ள கழிப்பறை ஒவ்வொன்றும் அத்துப்படி.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேள்விகள் கேட்டார். வாரத்தில் எத்தனை நாள் வலி? வெளிக்குப் போனால் குறைகிறதா? இளகலா, இறுகலா? பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கும் வாய் திறக்காதவன், இங்கே வாத்தியார் மாதிரி பதில் சொன்னேன்.

"குடும்பத்துல யாருக்காவது குடல்ல கேன்சர் உண்டுமா, அண்ணாச்சி?"

பக்கத்தில் நின்ற நர்ஸ், என் மகளைப் பெண் பார்த்துப் போன மாப்பிள்ளையின் அத்தை. எங்கள் பக்கம் ஜாதகத்துக்கு முன்னால் வீட்டு நோயைத்தான் விசாரிப்பார்கள்.

"ஒருத்தருக்கும் இல்ல சார்."

"அப்ப இது இரிட்டபிள் பவல்தான்" என்றார் (குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது, அதன் இயக்கம் மட்டும் தாறுமாறாகும்).

என் மனைவி தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்க, ஒங்க அண்ணன் நாப்பத்தஞ்சு வயசுல எதுல செத்தாரு?"

"சும்மா கெடட்டீ!"

"சும்மா கெடந்து ஒங்கள வாரிக்குடுக்கவா? சம்மந்தம் போனா போட்டும்!"

டாக்டர் பேனாவை வைத்தார். "இந்தக் கேள்விகள வச்சே பெரும்பாலும் சரியாச் சொல்லிரலாம். நீங்க புளுகினா கேள்வி என்ன செய்யும்? அண்ணனுக்கு இருந்ததுன்னா உள்ள பாத்தே ஆகணும்."

கொலனோஸ்கோபி (பின்வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) எடுத்தார்கள். முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் கழிப்பறையிலேயே குடியிருந்தேன். அண்ணன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

குடல் சுத்தம்! முதலில் சொன்ன அதே நோய்தான். நோய் வந்ததற்கு லட்டு கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நர்ஸிடம் மட்டும் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன்.

அவர் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்த அண்ணைக்கு எங்க அண்ணன், மாப்பிள்ளைக்க அப்பா, ஒங்க வீட்டுக் கேசரியத் தொடல்லியே, ஏன்னு நெனச்சிய? சுகரு! நாங்களும் ஒளிச்சுல்லா வச்சிருந்தோம். கல்யாணத் தேதியப் பாருங்க அண்ணாச்சி!"

இதே வலியோடு டாக்டர் முன்னால் உட்காரப்போகிறவர்களே, புளுகாதீர்கள். பக்கத்தில் நிற்பவரும் ஏதோ ஒன்றை ஒளித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

வயிறு இப்போதும் முறுக்கும். முன்பு ஒவ்வொரு முறுக்கும் அண்ணன் கூப்பிடுவது போலிருக்கும். இப்போது அது என் வயிறு, கொஞ்சம் சிடுசிடுக்கிறது, அவ்வளவுதான். டெம்போவை ஓரம் கட்டுகிறேன். பத்து நிமிடத்தில் வாழைக்குலை பழுத்துவிடாது.