மூன்றாம் நம்பர் சீட்டு

அம்சவேணி வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டுவதில்லை. டெல்லி கரோல் பாக்கில் குக்ரேஜாவின் பட்டறையில் அந்த நகத்தை வைத்துத்தான் அவளுக்கு வேலை.

அங்கே வெள்ளீயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, விரல் நீளச் சிப்பாய்கள் செய்தார்கள். உடம்பு, தலை, கைகள், துப்பாக்கி எல்லாம் தனித்தனியாக ஒரு பெட்டியில் போகும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வைத்துக்கொள்வார்களாம். அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் வரி தடித்திருக்கிறதா, கன்னத்தில் குழி விழுந்திருக்கிறதா, நுனிவரை உலோகம் ஓடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் ‘பரிசோதித்தது, 3’ என்று அச்சடித்த சீட்டைப் பெட்டிக்குள் போடுவாள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அந்த மூன்றுதான் கையெழுத்து.

கணவன் அழகர்சாமி பட்டாளத்தில், குடும்பம் வைத்துக்கொள்ள முடியாத பனிமலையில் இருந்தான். அவள் கிட்வாய் நகரில் அவன் அண்ணன் பூவராகவனின் குவார்ட்டர்ஸில் இருந்தாள். ஒரே அறை. லீவுக்கு வந்தால் இவர்களுக்கு வராந்தாவில் ஒரு போர்வைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். போன லீவில் அவன் பேசியதைவிடக் கடிதத்தில் எழுதியது அதிகம்.

பட்டறைக்கு மேலே மொட்டைமாடியில் ஒரு பர்ஸாத்தி, ஒற்றை அறை, காலியாக இருந்தது. சாம்பிள் ஐம்பது பெட்டி சனிக்கிழமை போய்விட்டால் அது அவளுக்கு என்று குக்ரேஜா சொல்லியிருந்தார். ஜனவரியில் அழகர்சாமி வருகிறான்.

வெள்ளிக்கிழமை மதியம் துப்பாக்கிகளைத் தடவும்போது நகம் நின்றது. முனை மழுங்கியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. ஐம்பதில் பாதி. டிசம்பர் குளிரில் காலையில் அச்சு சில்லிட்டுக் கிடக்கும். முதலில் ஊற்றும் உலோகம் முனைக்குப் போவதற்குள் இறுகிவிடும். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொன்னதில்லை.

வார்க்கிற அந்தோணி சிரித்தார். “ஒன் நகத்துக்குத்தாம்மா தெரியுது. வாங்குறவனும் நகம் வளத்தா வச்சிருக்கான்?”

“ஜல்தி, சீக்கிரம் சீட்டைப் போடும்மா” என்றார் குக்ரேஜா. “சனிக்கிழமை தப்பினா மாடி ரூம் ஒரு பேங்க்காரருக்குத்தான். தினம் வந்து கேக்கிறார்.”

அவள் மாடிக்குப் போனாள். பர்ஸாத்திக் கதவு திறந்திருந்தது. இரண்டு ஜன்னல். வெயில் தரையில் பாய் மாதிரி விழுந்திருந்தது. கதவை உள்ளே தாழ் போட்டுப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்காகத் திறந்து, இன்னொரு தரம் போட்டாள்.

ரவிக்கைக்குள் அவன் கடைசிக் கடிதம் இருந்தது. மலைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் வாங்கிய பூட்ஸ் பத்தே நாளில் அடி பிளந்துவிட்டதாம். உள்ளே ‘பரிசோதித்தது, 7’ என்று ஒரு சீட்டாம். “அந்த ஏழு யாருன்னு தெரிஞ்சா ஒரு சலாம் வைக்கணும்” என்று வேடிக்கையாக எழுதியிருந்தான். இரண்டு கால்விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது என்பதைக் கடைசி வரியில் எழுதியிருந்தான்.

கீழே வந்து, முனை மழுங்கியதையெல்லாம் உருக்குகிற தட்டில் கொட்டினாள்.

“யே நஹீ” என்றாள், இது கூடாது என்று இந்தியில். குக்ரேஜாவிடம் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. பிறகு அந்தோணியிடம், “அண்ணே, ஊத்துறதுக்கு முன்னாடி அச்சைக் கொஞ்சம் அடுப்போரம் வைங்க.”

சாம்பிள் அடுத்த வாரம் போனது, ஆர்டரும் கிடைத்தது. பர்ஸாத்திக்குப் பேங்க்காரர் வந்துவிட்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்சாமியை அழைத்துவந்து, தெருவில் நின்று காட்டினாள். மேலே கொடியில் யாரோ ஒருத்தியின் புடவை காய்ந்தது.

“அந்த ரூமா?”

“ஆமாங்க. கதவுக்குப் பக்கத்துல ஒங்க டிரங்குப் பெட்டிய வைக்கலாம்னு நெனச்சிருந்தேன்.”

அவன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். “வெயில் நல்லா வரும்போல.”

பஸ் ஸ்டாப்பில் கூட்டம். சுற்றி நின்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவள் பேசத் தொடங்கினாள். கிட்வாய் நகர் பஸ் வந்தது; இருவரும் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று.