அட்டையில் விழுந்த கிரீஸ்

என் மகன் பிக்கப் வண்டியை உயர்த்திக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. தாமல் ஏரிக்கரைப் பக்கம் உரமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன். மழை பெய்தால் அந்தச் சேற்றுத் தடத்தில் வண்டியின் அடிப்பக்கம் இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் சென்னைக்குக் கொண்டுபோய், ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை வைத்து, பெரிய டயரும் போட்டு, ஒரு சாணுக்குக் குறையாமல் உசத்திக்கொண்டு வந்துவிட்டான்.

"எப்டிமா இருக்குது?" என்றான்.

"யானை மாதிரி இருக்குது" என்றேன். அவனுக்கு அது புகழ்ச்சியாகப் பட்டது. நான் கதவு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூரத்தில் என் தங்கை இருக்கிறாள். இடுப்பெலும்பு உடைந்து படுக்கையோடு கிடக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மகனின் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவேன். அவளுக்கு நான் கை வைத்துப் பின்னினால்தான் பின்னல். அவள் மருமகள் பின்னினால் பிடிக்காது.

தெருவில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் நான் தனியாக அந்த வண்டியில் ஏறப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்தால் கால் எட்டவில்லை. காலைத் தூக்கி வைத்தால் கை நழுவியது. புடவையைச் சரிசெய்துகொண்டு ஒன்றும் நடக்காதவள்போல உள்ளே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. "வாம்மா, தூக்கி உக்கார வெச்சுடறேன்" என்றான்.

"நான் என்ன நெல்லு மூட்டையாடா? வெயில் ஆவல எனக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் அமாவாசை. ஆட்டோவில் போயிருக்கலாம், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் மகன் வண்டி அவ்வளவு பெரிசாக வாசலில் நிற்கும்போது, நான் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறினால் எதிர்வீட்டுக்காரி என்ன நினைப்பாள்? பிள்ளை ஏற்றிக்கொள்வதில்லை என்றுதானே? அதனால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால் வண்டியின் கதவு தெரியும். முன்பு கண்ணாடி தெரியும், வானம் தெரியும். இப்போது கதவு மட்டும்தான்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் வாசல் தெளிக்கப் போனேன். முன் சக்கரத்துக்கு அடியில் கறுப்பாக, கெட்டியாக ஏதோ சொட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். கிரீஸ். விளக்குமாற்றால் தேய்த்தும் போகவில்லை. கோலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்து மெக்கானிக் வந்தான். வாய் ஓயாத ஆள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, ஆக்சில் பூட் ஒழுகுதுண்ணே. ரெண்டு பக்கமும்."

"பூட்டுன்னா?" என்று நான் கேட்டேன்.

"இங்க பாருங்க ஆயா. சக்கரத்துக்குப் போற ஆக்சில் முட்டியில ரப்பர் உறை ஒண்ணு இருக்குது, ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா. உள்ள கிரீஸ் இருக்கும். அண்ணன் வண்டிய உசத்தினாரு பாருங்க, ஆக்சில் நேரா போறத வுட்டுட்டுச் சாஞ்சிக்கினு போவுது. மடிப்பு மேல மடிப்பு ஒரசுது, வாயில போட்ட கிளாம்ப் நெகிழ்ந்துபோச்சு. கிரீஸ் பூரா வெளிய வருது. இப்படியே வுட்டா முட்டி காஞ்சு போய் டக்கு டக்குன்னு சத்தம் வரும்."

ஆயா என்று கூப்பிட்டது பிடிக்கவில்லை. ஆனாலும் அவனுக்கு மோர் கொடுத்தேன். ஏனென்றால் அவன் அடுத்துச் சொன்னது அப்படி.

"ஒயரத்த எறக்கிடுங்கண்ணே. பழைய மாதிரி ஆயிடும்."

மகன் முகம் சுருங்கியது. "வேற வழி இல்லியா?"

"இருக்குது. ஆக்சில் வெச்சிருக்கிற பெட்டியையே கீழ எறக்கி மாட்டுறதுக்கு ஒரு சாமான் வருது. அத மாட்டிப் புது பூட் போட்டா, ஒயரமும் இருக்கும், ஆக்சிலும் நேராவும். ஆனா வரவழைக்கணும்."

"வரவழைச்சுடு" என்றான் மகன்.

சாமான் வருகிறவரைக்கும் பழைய உறையைத் துடைத்துப் புது கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுப் போனான் மெக்கானிக். சக்கரத்துக்கு அடியில் மகன் ஓர் அட்டையைப் போட்டான், ஒழுகுகிறதா பார்க்க. தினமும் காலையில் அவனுக்கு முன்னால் நான் எழுந்து அட்டையைப் பார்ப்பேன். கறை இருந்தால் எனக்கு அன்றைக்குக் காப்பி ருசிக்கும். அந்தச் சாமான் வராமலே போகட்டும், இவனும் அலுத்துப்போய் உயரத்தை இறக்கிவிடுவான் என்று காத்திருந்தேன். மகனின் வண்டி கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் இந்தக் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தங்கை போன் செய்தாள். "என்னக்கா, என்னைப் பாக்க வரவே மாட்டியா? தலை சிக்கு பிடிச்சுக் கெடக்குது. நான் போனப்புறம் மாலையோட வரலாம்னு இருக்கியா?"

அதைக் கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மகனிடம், "தெரு எழுந்திருக்கறதுக்குள்ள கிளம்பிடலாம்" என்றேன். வாசலில் முக்காலி போட்டு, அவன் முதுகைத் தாங்க, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. தங்கைக்குப் பிடித்த கனகாம்பரம் மடியில் இருந்தது.

நாலு வீடு தாண்டவில்லை. தெருவின் இடதுபக்கத்தில் பாவு நீட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் வெயில் ஏறுவதற்குமுன், தறியில் ஏற்றப்போகும் நீளப் பட்டு இழைகளை, அதுதான் பாவு, தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அது இருக்கும்வரை அந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதில்லை. சைக்கிளில் வருகிறவன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். சந்தன நிறப் பாவு. கல்யாணப் புடவைக்கு என்று பார்த்தாலே தெரிந்தது.

"நிறுத்துடா" என்றேன்.

"எடம் இருக்குதும்மா" என்று அவன் ஓரமாக விட்டான். பாதித் தூரம் போனதும் சக்கரத்திலிருந்து டக்கு டக்கு என்று சத்தம். பாவுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"யப்பா! யப்பா! நிறுத்து! சக்கரத்துலேருந்து கிரீஸ் தெறிக்குது!"

நின்றது. ரிம் முழுக்கக் கறுப்பு. தரையில் பொட்டுப் பொட்டாகச் சிதறியிருந்தது. பாவில் இன்னும் படவில்லை. நான் தறியில் உட்கார்ந்தவள். பட்டில் கிரீஸ் பட்டால் போகாது, இழையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் சக்கரம் சுற்றும், சுற்றினால் தெறிக்கும். பாவைச் சுருட்டுகிறவரை வண்டி நகரக் கூடாது என்றாகிவிட்டது.

கதவைத் திறக்கப் போனேன். பாவுக்காரரின் மனைவி அலறினாள். "அத்தை! கதவத் தொடாதீங்க! ஒரு சாண் கூட இல்ல, பாவுல இடிக்கும்!"

உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பாவு, இன்னொரு பக்கம் கியர் ராடும் மகனின் சீட்டும். கஞ்சி காய வேண்டும், அறுந்த இழைகளை முடிய வேண்டும். வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. கனகாம்பரம் துவண்டது. பால் வாங்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுக்காரி தூக்குவாளியோடு நின்று, "என்னக்கா, தேர்ல உக்காந்த மாதிரி உக்காந்துக்கினு இருக்கீங்க!" என்றாள். சிரித்து வைத்தேன். அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது. விடிகாலையில் குடித்த காப்பி.

தாங்கமுடியாமல் போனபோது மகனைக் கூப்பிட்டேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். அவன் பாவின் அந்தக் கோடியில் இழை பிடித்துக்கொண்டிருந்தான். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"டேய்! என்னால எறங்க முடியல! வந்து தூக்குடா!"

தெரு முழுக்கக் கேட்டது. அவன் ஓடி வந்தான். கியர் ராடைத் தாண்டி, ஸ்டீயரிங்கில் கொண்டை இடித்து, புடவை எங்கெங்கோ சிக்கி, அவன் தோளில் விழுந்தேன். ஒரு மூட்டை மாதிரித்தான் கீழே வந்தேன். எதிர்வீட்டுக்காரி சிரிக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"ஏம்மா, ஏற முடியலன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றான் மகன், வீட்டு வாசலில்.

"நீ கேக்கக்கூடாதா?" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன்.

அன்றைக்கே ஆட்டோவில் கூரம் போனேன். நடந்ததைச் சொன்னேன். தங்கை சிரித்த சிரிப்பில் பின்னல் இரண்டு தடவை அவிழ்ந்தது.

அந்தச் சாமானும் வந்துசேர்ந்தது. பெட்டியைக் கீழே இறக்கி மாட்டி, புது பூட் போட்டுவிட்டான் மெக்கானிக். எனக்கென்று கதவுக்குக் கீழே ஒரு படியும் வெல்டிங் செய்து வைத்தான். அதில் கால் வைத்தாலும் மேலே ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். வண்டி உயரம் அப்படியே இருக்கிறது. இப்போதும் விடிந்ததும் அட்டையைப் போய்ப் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் ஆட்டோதான். ஆனால் ஆட்டோக்காரனை வாசலுக்கு வரச் சொல்வதில்லை. தெருமுனையில் நிற்கச் சொல்லி, பூக்கூடையோடு அதுவரை நடந்துபோய் ஏறிக்கொள்கிறேன்.